எத்தனை அங்குலம் வேணும் கண்ணு?

ஏங்கண்ணு, அமெரிக்காவுல சம்பாரிச்ச காசுல பழைய செவர்லே செவெல் ஒண்ணு வாங்கி நிறுத்தியிருக்கறயாமா. சந்தோசம். ஆனா எஞ்சின் 454 கன அங்குலத்துக்குக் கொறஞ்சா வண்டியே வேண்டாங்கறயாமா? லிட்டர்ல சொன்னா 7.4, ஏழரைக்குச் சித்தெ கம்மி. ஏழரைன்னதும் எனக்கு வேற ஞாபகம் வந்து தொலைக்குது.

மாடு வாங்கப் போறவன் மொதல்ல என்ன ரோசனை பண்ணுவான்? உழவுக்கா, பாரவண்டிக்கா, ரேக்ளாவுக்கா? நீ எதுக்குன்னே சொல்லாம, கொம்பு எத்தனை அடின்னு கேட்டுக்கிட்டு நிக்கறே.

அந்த 454-ங்கற நம்பர் மேல உனக்கு என்னடா அத்தனை மோகம்? 1970-ல செவெல்ல 454 எல்எஸ்6-ங்கற எஞ்சினைப் போட்டு 450 குதிரைசக்தின்னு எழுதுனாங்க. எழுதுனாங்க, அவ்வளவுதான். எஞ்சினைத் தனியா ஸ்டேண்டுல நிறுத்தி, வண்டியில இருக்கற சைலன்சர் கிய்லன்சர் ஒண்ணும் மாட்டாம ஓட்டி எடுத்த கணக்கு அது. 1972-ல, வண்டியில இருக்கறாப்புலயே மாட்டி அளந்து எழுத ஆரம்பிச்சாங்க. அத்தனை எஞ்சினும் காகிதத்துல எளச்சுப் போச்சு.

சரி, கன அங்குலமாவது நெசமாங்கறயா? 1970-ல 396-ன்னு பேர் போட்டு செவர்லே வித்த பெரிய எஞ்சினை அளந்தா 402. போர்டு 427-ன்னு வித்தது 425. மஸ்டாங்குல 5.0-ன்னு மினுக்குன எஞ்சின் 4.9 லிட்டர்தான். செஞ்சவனே நம்பர்ல வெளையாடியிருக்கறான். அந்த நம்பருக்கு நீ ஊட்டை அடமானம் வெப்பயா?

பெருசு வேண்டாங்கல. கொள்ளளவு கூடுனா இழுவை கூடும், அதுவும் கம்மிச் சுத்துலயே கூடும். அதை மறுக்கறவன் எஞ்சினைப் பாத்தவனில்ல. பச்சை விளக்கு எரிஞ்சதும் லேசா மிதிச்சாப் போதும், வண்டி பாட்டுக்கு நகரோணும். ரோட்டு வண்டிக்கு அதுதான் அழகு. அதுக்கு 350 கன அங்குலச் சின்ன ப்ளாக் எஞ்சின் பத்தாதா? இன்னும் கொஞ்சம் எச்சா வேணும்னா, ஒவ்வொரு சிலிண்டரையும் 0.03 அங்குலம் போர் பண்ணி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் மாட்டு. 383 ஆச்சு. முன்னெல்லாம் 400 எஞ்சினோட கிராங்க்கைக் கழட்டி, மெயின் ஜர்னலை லேத்துல கடைஞ்சு மாட்டுவாங்க. இப்ப ரெடிமேடாவே கெடைக்குது. வெளிய இருந்து பாத்தா அதே சின்ன ப்ளாக். மவுண்ட் மாத்தற வேலை இல்ல. 454 மாதிரி பெரிய ப்ளாக்குன்னா முன் சக்கரத்து மேல ஏறக்குறைய 50 கிலோ இரும்பு எச்சா ஏறும். வளைவுல திருப்பிப் பாரு, தெரியும்.

அப்பறம் இந்தக் கேம் ஷாப்ட் கூத்து. நின்ன எடத்துல தடதடன்னு குலுங்கோணும், போறவன் வர்றவன் திரும்பிப் பாக்கோணும்னு பெரிய கேம் போடறானுக. அது கம்மிச் சுத்துல இழுக்காது. வேக்குவமும் பத்தாமப் போயிரும். வேக்குவம் இல்லாட்டி பிரேக் பூஸ்டர் எப்படி வேலை செய்யும்? சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தவன் மேலயே கொண்டு போயி ஏத்தறதுக்கா?

எங்க ஓட்டப் போறே, அதைச் சொல்லு. டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவுல வருசா வருசம் ஆகஸ்ட் மாசம் பழைய வண்டிக எல்லாம் ஒட்டுக்காப் போகுது. ஊர்வலம்னா ஊர்வலந்தான், நடந்து போறவன் முந்திருவான். அந்த வெயில்ல ரேடியேட்டர் கொதிச்சு ஓரங்கட்டி நிக்கறதுக்கா இத்தனை செலவு? வெசயாப் போறேங்கறயா? அந்த நாட்டுலயே எச்சான வேகம் டெக்சஸ்ல ஒரு ரோட்டுல மணிக்கு 85 மைல். அதுக்கு மேல போனா எஞ்சினை மெச்சறதுக்கு ஆள் வராது, போலீஸ்தான் வரும்.

454-ன்னு பேட்ஜ் வேணும்னா வாங்கி ஒட்டிக்க, அது கம்மி வெலைதான். பானெட்டைத் தொறந்து காட்டுங்கறவன்கிட்ட, சாவி பொஞ்சாதிகிட்ட இருக்குன்னு சொல்லிப்போடு. ஆனா அறுபதுகள்ல வந்த சாதா செவெலுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான் கண்ணு. மொதல்ல முன்னால டிஸ்க் பிரேக் வாங்கி மாட்டு. எஞ்சினைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்.