கண்டி ராஜாவும் லண்டன் மூக்கும்

மூக்கை அறுத்தால் படை வரும் என்பது சூர்ப்பனகை காலத்திலேயே இலங்கை படித்த பாடம். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பட்டத்துக்கு முன் நம்ம கண்ணுசாமி, அந்த வகுப்புக்குப் போகவில்லை போலும். 1814இல் வியாபாரிகள் பத்துப் பேரை ஒற்றர்கள் என்று பிடித்து, மூக்கு, காது, கை என்று அறுக்கச் சொன்னார். ஏழு பேர் செத்தார்கள், மூன்று பேர் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள் என்பது வெள்ளைக்காரர் எழுதிவைத்த கணக்கு. பிரிட்டிஷ் தேசாதிபதி பிரவுன்ரிக் துக்கப்பட்டார். நல்ல சாக்குக் கிடைத்ததில் தெம்பும் அடைந்தார். 1815 மார்ச் 2இல் கண்டி பறிபோனது.

அதே 1814 அக்டோபரில், லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் இராணுவ அதிகாரிக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார். கைப்பக்குவம் இந்தியாவினுடையது. திப்புவின் ஆட்கள் மூக்கறுத்த கவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, பூனா பக்கம் செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் நெற்றித்தோலால் மூக்குச் செய்துவிட்டார். 1794இல் ஒரு லண்டன் சஞ்சிகை படத்தோடு அதைப் போட்டது. கார்ப்யூ மூக்கில்லாத ஆளுக்குக் காத்திருந்து, பிணங்களில் பழகினார். கண்டிக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தால் ராஜா ஆள் அனுப்பியிருப்பார்.

மெழுகில் மூக்குப் பிடித்து, தட்டையாக்கி, நெற்றியில் வைத்து அளவெடுத்து, தோலை வெட்டி, புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டு முறுக்கிக் கீழே திருப்ப வேண்டும். காம்பு வழியே ரத்தம் ஓடும், தோல் பிழைக்கும். ஆனால் மூக்கு வெறும் தோலல்லவே! மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. முட்டுக் கொடுக்க ஏதுமில்லாவிட்டால் நாசிச் சுவர் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஆறுகிற தோலோ தன் பங்குக்குச் சுருங்கி இழுக்கும். கம்பமில்லாத கூடாரம். அழகு பிறகு, எவ்வளவு இழுவிசை தாங்கும், எவ்வளவு வளையும் என்பதுதான் முதல் கேள்வி.

ஆய்வுகூடத்தில் வளர்த்த கம்பம் வந்துசேர்ந்த சேதி 2014இல் வெளியானது. சுவிட்சர்லாந்தின் பாசல் மருத்துவர்கள், தோல் புற்றுநோயால் மூக்கின் ஓரத்தை இழந்த ஐந்து முதியவர்களின் நாசி நடுச்சுவரிலிருந்தே கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, செல்களைப் பெருக்கி, கொலாஜன் சவ்வில் வளர்த்தார்கள்; மொத்தம் நாலு வாரம். 25 மில்லிமீட்டர் சதுரம், 2 மில்லிமீட்டர் தடிப்பு. ஓராண்டு கழித்தும் மூக்குகள் சரியவில்லை, மூச்சும் ஒழுங்காகப் போய்வந்தது.

மேலே போர்த்தியது? சிலருக்கு அதே நெற்றித்தோல்தான். பூனாக்காரரின் வாரிசுகள் ராயல்டி கேட்கலாம். ஆனால் அந்த லண்டன் சஞ்சிகை கவஸ்ஜியின் பெயரைப் போட்டதே தவிர, மூக்கு வைத்தவரின் பெயரைப் போடவில்லை.