ரேமைக் கழற்றிக்கொண்டு விற்கலாமா?

கே: ஐந்து வருஷத்துக்கு முன்பு 50,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப். இன்று என்ன விலைக்குப் போகும்? (ஆசிரியை, கரூர்)

ப: ஆடிட்டரிடம் மட்டும் கேட்டுவிட வேண்டாம். தொழிலுக்குப் பயன்படும் கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய் முதல் வருஷக் கடைசியில் 30,000 ஆகும். அப்புறம் 18,000, அப்புறம் 10,800, நான்காவதில் 6,480, ஐந்தாவதில் 3,888. சந்தை இவ்வளவு கல்நெஞ்சு இல்லை. ஆனால் அதுவும் இறங்குமுகம்தான். பெரிய சறுக்கல் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

விற்பவர் எப்போதும், “ஒரு கீறல் கிடையாது, குழந்தை மாதிரி வைத்திருந்தேன்” என்றுதான் ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் காதில் அது விழாது. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “எத்தனாவது ஜெனரேஷன்?” பிராசஸரின் தலைமுறைதான் விலையை நிர்ணயிக்கிறது. கீறல் இல்லாததற்கு ஒரு ஐநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கே: லேப்டாப் ஆன் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம் போல இருக்கிறது. ரேம் கூட்டுவதா, எஸ்.எஸ்.டி. போடுவதா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

ப: உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தால் கேள்விக்கே இடமில்லை. எஸ்.எஸ்.டி.தான்.

காரணம் எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு கோப்பைத் தேட அதன் முள் நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி அந்த இடம் முள்ளுக்கு அடியில் வர வேண்டும். தட்டுக்காகக் காத்திருப்பது மட்டுமே சராசரியாக ஐந்தரை மில்லி செகண்ட். முள் நகரும் நேரம் தனி. ஆக, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை செகண்டுக்கு நூறு படித்தாலே அதற்கு மூச்சு வாங்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பொருளே கிடையாது. செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் படித்துத் தள்ளும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது செய்வதெல்லாம் இப்படிச் சின்னக் கோப்புகளைத் தேடுகிற வேலைதான் என்பதால், எட்டு வருஷப் பழைய லேப்டாப்கூட அன்றைக்குப் புதுசாகப் பிறந்ததுபோல் நடந்துகொள்கிறது.

வாங்கும்போது கவனம் வேண்டும். இரண்டரை அங்குல சாட்டா ஒரு வகை. எம்.2 என்கிற மெல்லிய பட்டை இன்னொரு வகை. அந்தப் பட்டையிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு உண்டு. பார்க்க அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். ரேமிலும் இதே வம்பு: 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3எல் கேட்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் டி.டி.ஆர்.3 போட்டால் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றால், மாடல் நம்பரைக் காட்டி மறுபடி கேட்பது நல்லது.

எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே மெமரியைப் பார்க்க வேண்டும். 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால் ரேம் போதவில்லை. பாதியில் நின்றால் ரேமுக்குச் செலவழிக்கும் காசு கடைக்காரருக்கு மட்டுமே உதவும்.

கே: என் லேப்டாப்பில் ரேமை மாற்றவே முடியாது என்கிறாரே மெக்கானிக், உண்மையா? (ஓசூர் வாசகர்)

ப: உண்மையாகத்தான் இருக்கும். மதர்போர்டிலேயே ரேமைச் சால்டர் செய்துவிடும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. ஆப்பிள் 2008 மேக்புக் ஏரிலேயே இதைச் செய்தது. 2012-இல் ரெட்டினா திரையோடு வந்த மேக்புக் ப்ரோவில் ரேமைச் சால்டர் செய்ததோடு பேட்டரியையும் பசை போட்டு ஒட்டியது. மெலிந்த லேப்டாப்பை எல்லோரும் விரும்பினார்கள், மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே போயின. எதிர்த்திசையில் போனது ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம். 2021-இல் வந்த அதன் லேப்டாப்பில் திரை, கீபோர்டு, ஏன் மதர்போர்டைக்கூட வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஓசூர் வாசகருக்கு அதனால் பயனில்லை. அடுத்த முறை வாங்கும்போதே 16 ஜி.பி.யாகக் கேட்டு வாங்குவதுதான் அவருக்கு வழி.

கே: பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கி வைத்தால் சரியாகுமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: ஆகாது, தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு இன்றே சர்வீஸுக்குக் கொண்டு போகவும்.

கே: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்களே, பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்)

ப: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும்.

இந்தக் கோடு பழைய லேப்டாப் சந்தையில் செய்த கூத்து சுவாரஸ்யமானது. லெனோவோவின் திங்க்பேட் டி470, டி480 இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். 2017-இல் வந்த டி470-இல் ஆறாம், ஏழாம் தலைமுறை; அடுத்த வருஷம் வந்த டி480-இல் எட்டாம் தலைமுறையும் கிடைத்தது. கீபோர்டு அதே உறுதி, மூடி அதே கறுப்பு. ஒன்றுக்கு விண்டோஸ் 11 உண்டு, மற்றதற்கு முறைப்படி கிடையாது. ஒரே ஒரு வருஷ வித்தியாசத்தில் ஒன்றுக்கு மவுசு கூடிவிட்டது, இன்னொன்றைப் பேரம் பேசி வாங்கலாம்.

பேரம் பேசத் தெரிந்தவருக்கு அது லாபம். லினக்ஸ் போட்டால் டி470 இன்னும் பல வருஷம் ஓடும். நாகர்கோவில் வாசகர் பேப்பர் படிப்பதும், பேரனோடு வீடியோவில் பேசுவதும்தான் வேலை என்றால் லினக்ஸே தாராளம். மின்வாரியக் கட்டணமும் அதிலிருந்து கட்டலாம். கட்டணம் குறையாது, அவ்வளவுதான்.

கே: புது மாடல் வரப்போகிறதாம். காத்திருக்கலாமா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: காத்திருப்பவர்களால் ஒரு கம்பெனியே கவிழ்ந்ததாக ஒரு கதை உண்டு. 1981-இல் ஆடம் ஆஸ்போர்ன் 1,795 டாலருக்கு ‘ஆஸ்போர்ன் 1’ என்ற கம்ப்யூட்டரை விற்றார். சுமார் 11 கிலோ எடை, ஐந்து அங்குலத் திரை. ஆனாலும் கையில் தூக்கிப் போகலாம் என்பதால் நன்றாக விற்றது. 1983-இல் அடுத்த மாடலைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் ‘அதையே வாங்கிக்கொள்வோம்’ என்று ஜனம் ஒதுங்கியது; அந்தச் செப்டம்பரில் கம்பெனி திவால். வேறு காரணங்களும் இருந்தன என்று வாதிடுவோர் உண்டு. எப்படியோ, வேலைக்கு இன்று லேப்டாப் தேவை என்றால் இன்று வாங்குவதே சரி. புது மாடல் வருகிற வாரத்தில் பழைய மாடலின் விலை இறங்கும் என்றால் மட்டும் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

கே: 8 ஜி.பி. ரேமை 16 ஆக்கினேன், எஸ்.எஸ்.டி. போட்டேன். விற்கும்போது அந்தக் காசு திரும்புமா? (மதுரை வாசகர்)

ப: முழுசாகத் திரும்பாது. வாங்குபவர் முதலில் ஜெனரேஷனைப் பார்த்து ஒரு தொகையை மனதில் முடிவு செய்துவிடுவார்; கூடுதல் ரேம் அவருக்குச் ‘சரி, நல்லது’ அவ்வளவே. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அப்கிரேட் செய்த அன்றே பழைய ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் கவரில் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். விற்கும் நாளில் பழையதை மாட்டி, புதியதைக் கழற்றிக்கொள்வார்கள். விளம்பரத்தில் ‘8 ஜி.பி.’ என்று உள்ளதை உள்ளபடி போட்டால் இதில் தப்பில்லை. 16 என்று போட்டுவிட்டு 8-ஐ மாட்டிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

கழற்றிய ரேமுக்கு இப்போது மரியாதையும் கூடியிருக்கிறது. ஏ.ஐ. கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

கே: ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கலாமா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்)

ப: தாராளமாக. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷத்தில் லேப்டாப்களை மொத்தமாக மாற்றும்போது வெளியே வருகிற திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள்தான் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில் நிறையக் கிடைக்கும். வீட்டுக்கென்று விற்கும் மலிவு மாடலைவிட இவற்றின் கட்டுமானம் உறுதி. கடையிலேயே பயாஸைத் திறந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் வாங்கக் கூடாது. விண்டோஸே தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதையதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம். மேக்புக் என்றால் பழைய உரிமையாளர் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று பார்ப்பது முக்கியம்; ஆக்டிவேஷன் லாக் இருந்தால் அது அழகான தட்டு மட்டுமே. பில் கேட்டு வாங்கவும்.

கே: கடைசியில், விற்கச் சரியான வருஷம் எது? (ஈரோடு மாணவரின் அப்பா)

ப: விற்பதென்றால் மூன்றாம் வருஷம் முடிவதற்குள். அதைத் தாண்டிவிட்டால் வீட்டிலேயே ஓடும்வரை ஓட்டுவது லாபம். ஈரோட்டுப் பையனின் லேப்டாப் அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. அப்பா எஸ்.எஸ்.டி.க்குக் காசு கொடுக்கட்டும்.