டபுள் என்பது இரண்டல்ல: ஹைதராபாத் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் 'டபுள்' ஒரு சாதுவான பெயரடை. லத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்து, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று 'இரு மடங்கு' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஹைதராபாத் வந்த பிறகுதான் அதற்குத் துளிர் விட்டது.

முதற்சான்று, கல்யாணப் பந்தி. பிரியாணி முடிந்ததும் குபானி கா மீட்டாவுக்குப் போட்டியாக டபுள் கா மீட்டா வரும். பிரெட் துண்டுகளை நெய்யில் சிவக்கப் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்டு, சுண்டக் காய்ச்சிய பால் ஊற்றி, ஏலக்காய், குங்குமப்பூ, முந்திரி சேர்ப்பார்கள். ஓரத்தில் லேசான முறுகல். நடுவில் கரண்டி பட்டாலே குழையும். இதில் இரட்டை எங்கே?

விடை பேக்கரியில் இருக்கிறது. அங்கே பிரெட்டுக்கு 'டபுள் ரொட்டி' என்று பெயர். ஈஸ்ட் சேர்த்த மாவு இரு மடங்காக உப்புவதால் அப்படி என்பது வழக்கமான விளக்கம். (அளந்து பார்த்தா பெயர் வைத்தார்கள் என்பது தனி ஆராய்ச்சி.) இனிப்பாகும்போது ரொட்டி கழன்றுகொண்டது. அநாதையான பெயரடை, உருதுவின் 'கா' உருபைப் பிடித்துக்கொண்டு தானே பெயர்ச்சொல்லாகிவிட்டது. நன்னூல் படித்தவர்கள் பதற வேண்டாம். 'வெள்ளை அடித்தான்' என்றால் சுண்ணாம்பைப் புரிந்துகொள்கிறோமே, அதே ஆகுபெயர்தான். பவணந்தி முனிவர் இதை உதாரணமாகக் காட்டாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. 1591-இல் உருவான ஊர் அது, அவரோ 13-ஆம் நூற்றாண்டுக்காரர்.

தமிழ்நாட்டு முஸ்லிம் கல்யாணங்களில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி உண்டு: பிரெட் அல்வா. பெயரிலேயே பிரெட் இருப்பதால் ஆய்வாளருக்கு அங்கே வேலையில்லை, சாப்பிடுவதைத் தவிர.

இரண்டாம் சான்று, வீடு. ஏழைகளுக்குத் தெலங்கானா அரசு கட்டிக்கொடுத்த 560 சதுர அடி வீடுகள் 'டபுள் பெட்ரூம்' வீடுகள். நகருக்கு வெளியே கொல்லூரில் மட்டும் 15,660 வீடுகள். 2023 ஜூனில் திறந்தார்கள். தெலுங்குப் பத்திரிகைத் தலைப்புகளில் பெட்ரூமும் கழன்றுபோய், வெறும் 'டபுள்' வீடுகளாயின. ஆனால் குடும்பத்துக்கு ஒரு வீடுதான்.

ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒரே 'டபுள்', 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்துக்குத் திரும்பிவந்த மின்சார மாடி பஸ். டபுள் டெக்கர் என்றால் அதில் சரியாக இரண்டே தளம்.

ஹைதராபாத் செல்லும் வாசகர்கள் கவனத்துக்கு: ஹோட்டலில் 'ரெண்டு டபுள் கா மீட்டா' என்று கேட்டால் இரண்டு கப் வரும், நான்கு வராது. நான்குதான் வேண்டுமென்றால் நான்கு என்றே கேளுங்கள்.