வில்லனே சொன்ன சாட்சியம்

கேள்வி: புகழ்பெற்ற வில்லன் எப்படி உருவானான் என்பதைத் திகில் படங்கள் விளக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை என்பதற்கு வில்லனே சாட்சி. தாமஸ் ஹாரிஸ் 1988இல் எழுதிய நாவலில், வினாத்தாளோடு சிறைக்கூடத்துக்கு வரும் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸிடம், தன்னை ஏதோ சில பாதிப்புகளின் விளைவாகச் சுருக்கிவிட முடியாது என்று மறுக்கும் ஹானிபல் லெக்டர், 1991இல் வந்த திரைப்படத்திலும் காரணம் சொல்லப்படாதவனாக நின்றதாலேயே குலைநடுங்க வைத்தான். ஆனால், மூலக்கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் முன்கதைப் படமாக 2007இல் வெளியான 'ஹானிபல் ரைசிங்', அதே ஹாரிஸின் திரைக்கதையிலேயே, இரண்டாம் உலகப் போரின்போது லிதுவேனியாவில் தன் தங்கையைக் கொன்று தின்றவர்களைத் தேடித் தேடிப் பழிவாங்கும் அண்ணனாக அவனை மாற்றியது. அத்தகைய அண்ணனுக்குப் பார்வையாளர்கள் கைதட்டுவார்களே தவிர, அவனை நினைத்துக் கதவைத் தாழிட மாட்டார்கள்.