வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் உடுப்பு உலராமை: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கையால் உடுப்புத் தோய்ப்பது அழுக்கை அகற்றும் வேலை என்றே அறிஞர் உலகம் நம்பிவருகிறது. வெள்ளவத்தை உள்ள கொழும்பு 6இல் அது தண்ணீரை அகற்றும் வேலை என்பதை இக்கட்டுரை நிறுவும். களத் தெரிவும் தற்செயலானதல்ல. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கின்றன. துணி பிறந்த ஊரில் துணி காய இடமில்லை.

1. நீரியல்

இங்கு குடிவந்த பலரின் ஊரான யாழ்ப்பாணத்தில் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டியது. அதன் தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தை முதலில் தான் தின்றுவிடும், மிச்சத்துக்குத்தான் நுரை. அதனால் வடக்கத்திக் கை அழுத்தித் தேய்த்தே பழகியது. கொழும்புக்கோ களனி கங்கையிலிருந்தும் 1886இல் அமைந்த லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தும் மென்னீர் வருகிறது. ஊர்க் கணக்கில் சன்லைட் கட்டியைத் தேய்த்தால் பாத்ரூம் நுரையால் நிறையும். எத்தனை வாளி அலம்பினாலும் சாரம் வழுக்கும். அம்மம்மா மட்டும் அழுக்குப் போகவில்லை என்று இன்னொருதரம் சவர்க்காரம் போடுவார்.

2. காற்றியல்

காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கொழும்பில் இது அன்றாடம் நடப்பது. ரயில் பாதைக்கு அப்பால் கடல். பல்கனித் துவாயில் அதன் உப்பு. பகலில் வெயிலுக்குக் கொடுத்த ஈரத்தைத் துவாய் இரவில் வட்டியோடு அறவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதற்குத் துணை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை பொறுப்பேற்கிறது.

மூன்றாம் மாடி அன்ரி தந்த வாக்குமூலம்: “தம்பி, தோய்க்கிறது பத்து நிமிசம். காயிறதை ஆர் கண்டது?”

3. கயிற்றுச் சட்டம்

மொட்டைமாடிக் கொடி எல்லாருக்கும் பொது என்பது மேலோட்டமான வாசிப்பு. எழுதப்படாத விதிகள் மூன்று உண்டு. விடியமுன் ஒரு துவாயை விரித்தவருக்கே அக்கயிறு அன்று முழுதும் சொந்தம். உள்ளுடுப்புகள் பெட்சீற்றுக்குப் பின்வரிசையில் தொங்கும். மழை வந்தால் முதலில் ஓடுபவர் அயல்வீட்டு உடுப்பையும் அள்ளி வரவேண்டும். ஆனால் மடிக்கக் கூடாது. மடித்தால் ஒவ்வொன்றாகப் பார்த்தார் என்று பொருள்.

4. முடிவுகள்

காலி வீதிப் பக்கத்துப் பல்கனியில் உடுப்பு காயும்; பஸ் புகை படிவதால் மறுபடி தோய்க்க வேண்டிவரும். கடல் பக்கத்தில் சுத்தமாக இருக்கும், காயாது. கடல் பக்க வீட்டுக்கு வாடகையும் கூட. ஆகவே அந்த மேலதிகத் தொகை கடற்காட்சிக்கானது என்ற வீட்டுத் தரகர்களின் கோட்பாடு இத்துடன் மறுக்கப்படுகிறது. அது ஈரத் துவாய்க்கான மாதாந்தக் கட்டணமே.