ஐஸ் வளர்த்த கதை

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மூன்று தட்டு. மேல் தட்டில் துருவிய தேங்காய். நடுவில் முருங்கைக்காய், ஊரிலிருந்து வந்த சாம்பார் பொடி, பெருங்காயம். கீழ்த் தட்டில் மூன்று மாதமாக நான் ஐஸ் வளர்க்கிறேன்.

நியூ ஜெர்சியில் குடித்தனம் நடத்துகிறவன் நாட்டு நடப்புக்கு ஏற்ப நடக்க வேண்டாமா? 1970களில் வோட்கா வந்து அமெரிக்க விஸ்கியை மூலையில் உட்காரவைத்தது. 1999 கடைசியில் நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி என்பவர் மில்க் அண்ட் ஹனி என்ற குட்டி பாரைத் திறந்து, பழைய காக்டெய்ல்களை அளவு பிசகாமல் கலந்து கொடுத்தார். 2007இல் மேட் மென் என்ற டிவி தொடர் வந்தது. அதன் நாயகன் கோட்டு கசங்காமல் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெய்ல் குடிப்பதைப் பார்த்து, தொப்பையுள்ள ஆண்களெல்லாம் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தேன்.

ஆர்வம் வந்தால் எனக்கு யாருக்காவது பாடம் எடுத்தாக வேண்டும். மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கின்னா குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கணும். உள்ளே கருக்கின புது ஓக் பீப்பாயிலதான் ஊறணும். ஒரு தடவை பர்பன் ஊறின பீப்பாயில மறுபடி பர்பன் ஊத்தக் கூடாது."

"அப்போ பழைய பீப்பாயை என்ன பண்றாங்க?"

"ஸ்காட்லாந்துக்காரங்க வாங்கி அவங்க விஸ்கிய ஊத்திவைக்கிறாங்க."

"விவரமானவங்க" என்றாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

இத்தனைக்கும் ஓல்ட் ஃபேஷன்ட் எளிதான விஷயம். 1806இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகையில் ஒரு வாசகர் காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்க, ஆசிரியர் சொன்ன பதில்: மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு. பின்னால் வந்தவர்கள் அதில் கண்டதையும் சேர்க்க, வாடிக்கையாளர்கள் எரிச்சலாகி, பழைய மாதிரியே கொடு என்றதில் வந்த பெயர்தான் ஓல்ட் ஃபேஷன்ட். (என் மாமனார் ஓட்டல் சாம்பாருக்கு இதையே சொல்வார்.)

ஆனால் அதில் போடும் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். மூடியில்லாத சின்ன ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து கீழாக உறையும். காற்றும் கசடும் அடியில் ஒதுங்கும். ஒரு நாள் கழித்துக் கவிழ்த்து, ரொட்டிக் கத்தியால் அறுக்க வேண்டும். முதல் கட்டி சிங்க்கில் விழுந்து ஒரு டம்ளரை உடைத்தது. இரண்டாவது என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ஒன்பதாவது கட்டி வழியாகச் செய்தித்தாளே படிக்கலாம்.

சனிக்கிழமை அலுவலக நண்பர் வந்தார். பர்பன் பூமியான கென்டக்கிக்காரர். ஆரஞ்சுத் தோல் சீவி, பிட்டர்ஸை எண்ணி இரண்டு சொட்டு விட்டு, இடுக்கியில் ஐஸைத் தூக்கினேன்.

"எனக்கு ஐஸ் வேண்டாம். சர்க்கரையும் வேண்டாம். விஸ்கியை அப்படியே கொடுங்கள்" என்றார்.

கலந்ததை நானே குடித்தேன். முதல் வாயிலேயே புரிந்தது. மூன்று மாதமாக மூடியில்லாமல் வைத்த என் ஐஸ், மேல் வீட்டுப் பெருங்காயத்தை முழுசாக வாங்கி வைத்திருந்தது.

மனைவி மிச்சக் கட்டியை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மிக்குழவியால் ஒரு தட்டு தட்டி, மோர்ச் சொம்பில் போட்டாள். கென்டக்கிக்காரர் இரண்டு டம்ளர் குடித்தார்.