மூன்று மாத ராஜா

மூன்றே மாதம் ஆண்டு, பாபிலோனுக்குக் கைதியாகப் போன யூதா ராஜா யோயாக்கீனிடம் கற்க என்ன இருக்கிறது? (வாசகர், ஆரம்பாக்கம்)

ஆண்டது 3 மாதம், சிறையிருப்பு 37 வருடம். பாடம் எதில் இருக்கும்? 18 வயதில் பட்டத்துக்கு வந்தவன், கி.மு. 597-ல் தாயோடு எருசலேமை விட்டு வெளியே வந்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தான். நகரம் அப்போது எரியவில்லை. அவனுக்குப் பின் ஆண்டு, எதிர்த்து நின்ற சிதேக்கியாவின் காலத்தில்தான் எருசலேம் சாம்பலானது. சில நேரம் சரணடையத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

பைபிளுக்கு வெளியே அவனுக்குச் சாட்சி உண்டா?

உண்டு, எண்ணெய்க் கணக்கு! யூதா ராஜாவுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அளந்த எண்ணெய், பாபிலோனின் களிமண் பலகைகளில் பதிவாகியிருக்கிறது. கைதியான பிறகும் எதிரியின் ரேஷன் பட்டியலில் அவன் ராஜாதான்.

அத்தனை வருடம் எப்படிப் பொறுத்திருப்பது ஐயா?

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறைப்படி மீன்பிடிக்க உங்கள் முறைக்குக் காத்திருப்பவர் நீங்கள், என்னைக் கேட்கிறீர்களே! அங்கே முறை வரும் நாள் தெரியும், அவனுக்கு அதுவும் தெரியாது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த ஊருக்காகவே ஜெபியுங்கள் என்றது. அந்தக் கடைசி வரி என்னை இன்றும் உலுக்குகிறது.

நம் பக்கம் அப்படி ஒரு ராஜா?

வேலூர்க் கோட்டையில் இருந்தார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1816-ல் கொண்டுவரப்பட்டார். யோயாக்கீனுக்குக் கடைசியில் அரச பந்தியில் இடம் கிடைத்தது. இவர் 1832-ல் வேலூரிலேயே இறந்தார்; பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.